பார்மேட் போட்டால் வாரண்டி போய்விடுமா?

"லோ லெவல் பார்மேட் போட்டீங்களா சார்? அப்ப வாரண்டி கிடையாது." சென்னை ரிச்சி தெருவில் ஒரு கவுன்ட்டர். வாங்கி ஓராண்டுகூட ஆகாத என் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கை அந்தப் பையன் திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டான். நானும் ஏதோ தப்பு செய்துவிட்டவன் மாதிரி படியிறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நான் டிஸ்க்கைத் திறக்கக்கூட இல்லையே என்று.

1980களில் வந்த டிஸ்க்குகளில் டிராக், செக்டர் எல்லாவற்றையும் நாமே புதிதாக எழுத முடிந்தது. உண்மையான லோ லெவல் பார்மேட் அதுதான். ஐடிஇ வகை வந்ததும் அந்த வேலை தொழிற்சாலையோடு முடிந்துபோனது. இன்று அதே பெயரில் கிடைக்கும் மென்பொருள்கள் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதுகின்றன, அவ்வளவுதான். சீகேட் நிறுவனமே தரும் 'சீடூல்ஸ்' மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. பூஜ்யம் எழுதியதால் டிஸ்க் கெட்டது என்று ஒருவர் சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

மூடியைத் திறப்பது, ஸ்டிக்கரைக் கிழிப்பது, வேறு மாடலின் ஃபர்ம்வேரை ஏற்றுவது இதெல்லாம் வேறு கதை. அங்கே மறுப்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சர்வரில் இருந்து கழற்றி விற்கும் எஸ்ஏஎஸ் டிஸ்க்கின் செக்டர் அளவை 520 பைட்டிலிருந்து 512-க்கு மாற்றுகிறவர்களும் ஜாக்கிரதை. மணிக்கணக்கில் ஓடும் அந்த பார்மேட்டின் நடுவே கரண்ட் போனால், டிஸ்க் எதையும் படிக்க மறுக்கும். பெரும்பாலும் முதலிலிருந்து மறுபடி ஓட்டினால் மீளும்.

நான் செய்த உண்மையான தவறு வேறு. டிஸ்க் மக்கர் செய்ததும் சோதித்துப் பார்க்காமல் நேரே பார்மேட்டில் இறங்கினேன். முதலில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் 'ஸ்மார்ட்' அறிக்கையை எடுத்து, ரீஅலொகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் எண்ணிக்கைகளை, சீரியல் நம்பரும் தெரியும்படி படம் எடுத்திருக்க வேண்டும். பூஜ்யம் எழுதினால் பெண்டிங் கணக்கு இறங்கிவிடலாம். சாட்சியை நாமே துடைத்த மாதிரி. அதே அறிக்கையில் சிஆர்சி பிழை மட்டும் ஏறியிருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் கல்யாண வீடியோவுக்கு இல்லை. நகல் எடுத்து, அழித்த பிறகே கொடுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம். குறை எங்கே என்று தெரியாவிட்டால் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவே ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

பில் தெர்மல் தாளில் இருந்தால் சில மாதங்களிலேயே வெளுத்துவிடலாம். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.