மேசை மலை: ஏறினா போதுமா, இறங்க வேண்டாமா?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரை ஒட்டியே நிற்கிறது மேசை மலை. உயரம் 1,086 மீட்டர். உச்சி, மேசை போலத் தட்டையானது. நடந்து ஏறுபவர்கள் பலரும் போடும் கணக்கு ஒன்றுதான்: ‘போகும்போது நடை, வரும்போது கேபிள் கார்.’

சிக்கல் எங்கே?

1929 முதல் ஓடும் கேபிள் கார், காற்று பலமானால் நிறுத்தப்படும். அங்கே டிசம்பர், ஜனவரிதான் கோடை. அப்போது தென்கிழக்குக் காற்று வேகமாக வீசும். அது கடலின் ஈரத்தை மலைமேல் தள்ள, உச்சியில் வெள்ளைத் துணி விரித்தது போல மேகம் படரும். கீழிருந்து பார்த்தால் செம அழகு. மேலே நிற்பவருக்கோ பாதையே தெரியாது.

என்ன செய்யலாம்?

பலரும் ஏறும் பிளாட்டெக்லிப் பாதையில் பெரும்பாலும் கரடுமுரடான கல் படிகள்தான். ஏறவே 2 முதல் 3 மணி நேரம் ஆகும். காலையிலேயே கிளம்புங்கள். கிளம்பும்போது கேபிள் கார் ஓடினாலும், மாலையில் ஓடும் என்று நம்ப முடியாது. இறங்கவும் கால்களில் தெம்பு மிச்சம் இருக்கட்டும். தண்ணீர், ஜாக்கெட், டார்ச் அவசியம். தனியாகப் போக வேண்டாம். பாதி வழியில் மேகம் இறங்குதா? யோசிக்காம திரும்பிடுங்க. இன்னொரு நாள் ஏறிக்கலாம்.