விளக்கொளியில் சடுகுடு

காவிரியின் கிளைகளுள் ஒன்றாகிய அரசலாறு வங்கக் கடலொடு கலக்குமிடத்தில் காரைக்கால் நகரம் அமைந்துள்ளது. காரைக்கால் அம்மையார் தோன்றிய பெருமை இவ்வூருக்கு உண்டு. 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதிலும், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரெஞ்சு ஆட்சியோடு தொடர்புற்றிருந்தது. 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் இது இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவ்விணைப்புச் சட்டப்படி நிறைவெய்தியது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டமாக இது விளங்குகின்றது. எனினும், புதுச்சேரி நகரிலிருந்து இது 100 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே உள்ளது. கிழக்கே கடலும் ஏனைய மூன்று பக்கங்களிலும் தமிழ்நாட்டு ஊர்களும் இதனைச் சூழ்ந்துள்ளன.

ஆட்சி எல்லைகள் வரைபடத்தில் உண்டு, ஆட்டக்களத்தில் இல்லை. ஓர் ஊரில் இன்று இரவு சடுகுடு என்று கேள்வியுற்றால், எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்தும் ஆட்டக்காரரும் காண்போரும் வந்து கூடுவர். அத்தகைய ஓர் ஆட்டத்தைக் காண நாமும் செல்வோம். இக்காலத்தில் ஏறத்தாழ எல்லார் கையிலும் கைபேசி இருக்கின்றது. அதிலுள்ள செயலிகள் இத்தகைய ஒரு மாலைப்பொழுதில் நமக்கு எவ்வாறு உதவுகின்றன, எவ்விடத்தில் உதவா என்பவற்றையும் உடன் எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ஊரைக் கண்டு சேர வேண்டும். வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் இடையே செல்லும் பாதைகள் புதியவரை மயக்குவன. கைபேசியிலுள்ள வரைபடச் செயலி நாம் நிற்கும் இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுகின்றது. அஃது எங்ஙனம் அறிகின்றது? பூமிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் பல சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்குமிடத்தையும் அப்போதைய நேரத்தையும் வானொலி அலைகளால் இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கின்றது. அவ்வறிவிப்பு வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, அச்செயற்கைக்கோளின் தொலைவைக் கைபேசி கணக்கிடுகின்றது. இவ்வாறு நான்கு செயற்கைக்கோள்களேனும் புலப்பட்டால் நம் இடம் துணியப்படும். இதற்குத் தொலைபேசிக் கோபுரத்தின் துணை இன்றியமையாததன்று. ஆனால், வழியைக் காட்டும் படம் முன்பே சேமிக்கப்படாவிடில், கோபுரத்தின் தொடர்பு அற்ற இடத்தில் வெறும் புள்ளி மட்டுமே திரையில் நிற்கும். ஆதலின், புறப்படுமுன் படத்தைச் சேமித்துக்கொள்ளுதல் அறிவுடைமை. அதனினும் எளியது, வழியில் காண்பவரைக் கேட்டுச் செல்லுதல்.

களத்தை அடைந்துவிட்டோம். கோடை வெயில் தணிந்து, கடற்காற்று வீசத் தொடங்கிய பின்னரே இங்கு ஆட்டம் தொடங்கும். பகலில் வயலிலும் படகிலும் கடையிலும் உழைத்தவர்க்கு இரவே ஓய்வு. நாற்புறமும் இரும்புக் கம்பங்கள் நட்டு விளக்குகள் பொருத்தியிருக்கின்றனர். சுண்ணாம்புப் பொடியால் கோடுகள் இடப்பட்டுள்ளன. களத்தின் ஓரத்தில் சுண்டலும் வறுத்த கடலையும் தேநீரும் விற்கின்றனர்.

கடலை வாங்கச் சில்லறை தேட வேண்டியதில்லை. தள்ளுவண்டியில் கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரக்குறி ஒட்டப்பட்டுள்ளது. கைபேசியின் ஒளிப்படக் கண்ணை அதன்மேல் காட்டி, தொகையைக் குறித்து, நமக்கு மட்டுமே தெரிந்த மறை எண்ணை இட்டால், நம் வங்கிக் கணக்கிலிருந்து விற்பவர் கணக்கிற்குப் பணம் சென்றடைகின்றது. 2016ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கிய யூபிஐ என்னும் இம்முறை பத்து ரூபாய் வாணிகத்திற்கும் பயன்படுகின்றது. இதில் நினைவில் கொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. பணம் கொடுப்பதற்கே மறை எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டா. ‘உமக்குப் பணம் வரும், மறை எண்ணை இடுக’ என்று எவரேனும் கூறினால், அவர் வஞ்சகர் என்று அறிதல் வேண்டும்.

இனி ஆட்டத்தைக் காண்போம். ஆடவர்க்குரிய சடுகுடுக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோடு அதனை இரு பாதியாகப் பிரிக்கின்றது. ஒவ்வோர் அணியிலும் எழுவர் களத்தில் நிற்பர். ஓரணியிலிருந்து ஒருவர் ‘கபடி, கபடி’ என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரணியின் பாதிக்குள் புகுவார். அங்குள்ளாரைத் தொட்டுவிட்டுத் தம் பாதிக்கு மீண்டால், தொடப்பட்டவர் வெளியேறுவர். தொட்டவர் அணிக்குப் புள்ளி கிடைக்கும். அவரை எதிரணியினர் பிடித்து நிறுத்திவிட்டால், அவர் வெளியேறுவார். புள்ளி எதிரணிக்கு உரியதாகும். ஓரணி புள்ளி பெறும்போது, முன்பு வெளியேறிய அவ்வணியினர் அதற்கேற்ப மீண்டும் களம் புகுவர். எதிரணியினர் அனைவரையும் வெளியேற்றிய அணிக்கு மேலும் இரண்டு புள்ளிகள் உண்டு. இருபது நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும்.

முன்னாளில் பாடிச் செல்பவரின் மூச்சே கடிகாரமாக இருந்தது. மூச்சு அறுந்தால் ஆட்டமும் அறுந்தது. இன்று மூச்சோடு, ஒருவர் பாடுவதற்கு 30 நொடி என்னும் எல்லையும் உண்டு. சிற்றூர்க் களங்களில் விலைமிக்க கடிகாரப் பலகை இருப்பதில்லை. அங்கே கைபேசியின் நொடி அளவி அப்பணியைச் செய்கின்றது. புள்ளிகளைக் குறிக்கும் செயலியில் ஒருவர் குறித்துவர, ஊரில் இல்லாதவரும் நிலையை அறிந்துகொள்ள இயலும்.

எனினும், கருவி கணக்கிடுமேயன்றித் தீர்ப்புக் கூறாது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் ஆடிக்காட்டிய சடுகுடு, 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுகளில் இடம்பெற்றது. அவ்வாண்டு இந்தியா தங்கம் வென்றது. 2023ஆம் ஆண்டு ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆடவர் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் எதிர்நின்றன. ஆட்டம் முடியும் தறுவாயில் இரு அணிகளும் 28 புள்ளிகளோடு சமமாய் நிற்கையில், ஒரு பாட்டிற்கு எவ்வணிக்கு எத்தனை புள்ளி என்பது பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒளிப்படக் கருவிகள் பல இருந்தும் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றுபோயிற்று. விதியை ஆராய்ந்து நடுவர்கள் முடிவு கூறிய பின்னரே ஆட்டம் தொடர்ந்தது. இந்தியா 33க்கு 29 என்று வென்றது. நடந்ததைக் கருவி காட்டும். அதன் பொருளை விதியறிந்த மனிதரே உரைத்தல் வேண்டும்.

இங்ஙனம் மனிதர் துணிய வேண்டிய வேறொரு முடிவும் உண்டு. அது புள்ளியைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. ஒரு காட்சியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களே உள்ளன. ஓரணிக்கு 27 புள்ளிகள்; மற்றதற்கு 26. காண்போர் அனைவரும் எழுந்து நிற்கின்றனர். அப்போது மேற்கு வானில் ஓர் ஒளி வெட்டி மறைகின்றது. ஓசை கேட்கவில்லை, காற்று மட்டும் திடீரெனக் குளிர்கின்றது.

விழாக்குழுவினர் கைபேசியை எடுத்துப் பார்க்கின்றனர். இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்று காரைக்காலிலேயே உள்ளது. அது வானில் அலைகளை எய்கின்றது. மேகத்திலுள்ள நீர்த்துளிகளில் பட்டு அவ்வலைகள் திரும்புகின்றன. திரும்பும் நேரத்தால் மழையின் தொலைவும், திரும்பும் அலையின் வலிமையால் மழையின் செறிவும் தெரிகின்றன. நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் உரத்த சுருதியிலும், கடந்து செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதை நாம் அறிவோம். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கிறிஸ்தியன் டாப்ளர் 1842ஆம் ஆண்டில் விளக்கிய இவ்வுண்மையைக் கொண்டே, மழைத்துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா என்பதும் அறியப்படுகின்றது. இந்த ரேடார்ப் படத்தை எவரும் கைபேசியில் காணலாம்.

மின்னலுக்கென்றே ‘தாமினி’ என்னும் செயலி உள்ளது. இதனைப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. மின்னல் வெட்டும்போது வானொலி அலைத் துடிப்பு ஒன்று எழுகின்றது. நாட்டின் பல இடங்களில் அமைந்த உணர்கருவிகள் அதனை உணர்கின்றன. எக்கருவிக்கு அத்துடிப்பு எந்நேரத்தில் வந்தது என்பதை ஒப்பிட்டு, மின்னல் வெட்டிய இடம் கணிக்கப்படுகின்றது. நாம் நிற்கும் இடத்திலிருந்து 40 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர் என்னும் வட்டங்களுக்குள் மின்னல் வருமாயின் செயலி எச்சரிக்கின்றது.

ஆனால், அந்நேரத்தில் கைபேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டால் என் செய்வது? கூட்டத்தின் நெரிசலால் தொடர்பு கிட்டாவிடில் என் செய்வது? களத்தின் ஓரத்தில் நின்ற முதிய மீனவர் ஒருவர் அருகிலிருந்த சிறுவனை நோக்கி, “தம்பி, மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை நொடி எண்ணினாய்?” என்று வினவுகின்றார். “பதினைந்து, தாத்தா” என்கின்றான் சிறுவன். “அவ்வாறாயின் ஐந்து கிலோமீட்டர். இனி இங்கே நிற்றல் தகாது” என்கின்றார் அவர்.

இக்கணக்கு மிகவும் எளியது. ஒளி நம் கண்ணை உடனே அடைகின்றது. ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வீதமே வருகின்றது. ஆகவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கொள்ளலாம். முப்பது நொடிக்குள் இடி கேட்குமாயின், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது என்பது பொருள். அடுத்த மின்னல் நம்மீது விழவும் கூடும். அப்போது ஆட்டத்தை நிறுத்துதல் வேண்டும். இறுதியாக இடி கேட்டபின் முப்பது நிமிடம் கழியும் வரை திறந்த வெளிக்குத் திரும்புதல் ஆகாது.

மரத்தடியில் ஒதுங்குதல் தவறு. விளக்குக் கம்பத்தின் அருகிலும், இரும்புக் கால்கள் நட்ட பந்தலின்கீழும் நிற்றல் அதனினும் தவறு. பள்ளிக்கூடம் போன்ற உறுதியான கட்டடத்தினுள்ளோ, மூடிய வண்டியினுள்ளோ செல்லுதல் நலம். கைபேசி மின்னலை ஈர்க்கும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்திற்கு ஆதாரம் இல்லை. சுவரிலுள்ள மின்னிணைப்பில் செருகிய நிலையில் அதனைப் பயன்படுத்துவதே தீங்கு. எவருக்கேனும் ஊறு நேர்ந்தால் 112 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்பதும் பிழை. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே முதலுதவி செய்தால் உயிர் பிழைக்கக் கூடும்.

இனி, அம்மூன்று நிமிடங்களை நினைத்துப் பார்ப்போம். ஒரு புள்ளி பின்தங்கிய அணியினர், “இன்னும் ஒரு பாட்டு, ஐயா!” என்று கெஞ்சுவர். முந்தி நிற்கும் அணியினரும் வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியேற விரும்பார். காண்போர் கூச்சலிடுவர். திரையில் எச்சரிக்கை மின்னுகின்றது. ஆனால் அஃது ஊதலை எடுத்து ஊதாது. நடுவர் ஒருவரே ஊத வேண்டும். அவர் ஊதுகின்றார். விளக்குகள் அணைக்கப்படுகின்றன. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே பள்ளிக் கட்டடத்தை நோக்கி விரைகின்றது. குழந்தைகளை முன்னே அனுப்பி, ஆட்டக்காரர்களே இறுதியில் செல்கின்றனர். எஞ்சிய மூன்று நிமிட ஆட்டத்தைப் பின்பு ஆடிக்கொள்ளலாம்.

மாணவர்களே! நாம் கண்ட செயலிகளுள் பல நேரத்தைக் கூர்மையாக அளத்தலையே அடிப்படையாகக் கொண்டவை. வழி காட்டுவதும், பாட்டின் நொடிகளை எண்ணுவதும், மழையின் தொலைவைச் சொல்வதும், மின்னல் விழுந்த இடத்தைக் குறிப்பதும் அவ்வளவையினாலேயே. அச்சிறுவன் விரல்விட்டு எண்ணியதும் அதுவே. கருவி நம்மினும் நுட்பமாக எண்ணுகின்றது. எண்ணியறிந்ததன்படி நடப்பது நம் கடமையாகின்றது. ஆகவே, ஆட்டத்திற்குச் செல்லும்போது கைபேசியில் மின்சாரத்தை நிரப்பி எடுத்துச் செல்லுங்கள், வேண்டும்போது பயன்படுத்துங்கள். ஏனைய நேரமெல்லாம் அதனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, களத்தையும் அருகிலிருப்பவரையும் வானத்தையும் பாருங்கள். திரையிலேயே கண் பதித்து நின்றவர்க்கு அன்று அம்மின்னலும் தெரிந்திராது. அந்த 27ஆம் புள்ளியை வென்ற பாட்டும் தெரிந்திராது.