எவர்சில்வரும் பற்றவைப்பும்

நம் சமையலறையில் உள்ள குடத்தையும் தூக்குவாளியையும் நாம் ‘எவர்சில்வர்’ என்கிறோம். புனேயில் உங்கள் மராத்தித் தோழர்கள் ‘ஸ்டீல்’ என்பர். வெள்ளி சிறிதும் கலவாத இவ்வுலோகத்தின் முறையான பெயர் துருப்பிடிக்காத எஃகு. சேலத்தில் கஞ்சமலை அடிவாரத்தில் உள்ள உருக்காலை 1981ஆம் ஆண்டு முதல் இதன் தகடுகளை உருட்டித் தருகிறது. பிம்ப்ரி-சிஞ்ச்வாட், போசரி முதலிய இடங்களின் தொழிற்கூடங்களில் இத்தகைய தகடுகள் பற்றவைக்கப்பட்டுப் பெரிய கலன்களாகின்றன.

எஃகில் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் இருப்பின், அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலத்தை உண்டாக்கும். கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் வளரும். இதுவே துருவைத் தடுக்கும் காவல்.

அக்காவலைப் பற்றவைப்பின் வெப்பம் குலைக்கக்கூடும். எஃகு சற்றேறக்குறைய 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால், அதிலுள்ள கரி குரோமியத்தைக் கவர்ந்துகொள்ளும். புதிய தொட்டியில் இக்குறை தெரியாது. நாளடைவில் பற்றின் மீதன்று, அதனை ஒட்டிய ஓரத்தில் அரிப்புத் தோன்றும். பால் தொட்டியாயின் பாலும் கெடும், செய்தவரின் பெயரும் கெடும். எனவேதான் கரி 0.03 விழுக்காட்டுக்கு மிகாத ‘எல்’ வகை எஃகு விரும்பப்படுகிறது.

304 எஃகுக்கு 304 எண்ணுள்ள மின்முனைதானே பொருந்தும்? அன்று! குரோமியமும் நிக்கலும் சற்றே மிகுந்த 308எல் மின்முனையே ஏற்றது. உப்பு நீரைத் தாங்கவேண்டிய 316 எஃகில் மாலிப்டினம் உண்டு. அதற்கு 316எல் வேண்டும். அங்கு 308எல் கொண்டு பற்றவைத்தால், மாலிப்டினம் இல்லாத பற்றில் மட்டும் குழிகள் விழும். சாதாரண இரும்பை எவர்சில்வருடன் இணைக்க 309எல் உதவும்; இரும்பு கலந்து நீர்த்தபின்னும் போதிய குரோமியமும் நிக்கலும் அதில் எஞ்சியிருக்கும்.

மின்முனையின் மேற்பூச்சு ஈரத்தை உறிஞ்சும். ஆகவே புனேயின் மழைக்காலத்தில் அதனைச் சூட்டடுப்பில் உலர்த்தியே எடுப்பர். இரும்புத் தூரிகையால் பற்றைத் தேய்த்தலும் கூடாது. ஒட்டும் இரும்புத்துகள் துருப்பிடிக்கும்.

உங்கள் தந்தையோ மாமாவோ இத்தொழிலில் இருக்கலாம். பற்றவைப்புப் புகை புற்றுநோய் விளைவிப்பது என 2017ஆம் ஆண்டில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. எவர்சில்வரின் புகையில் குரோமியச் சேர்மங்களும் உண்டு. கறுப்புக் கண்ணாடி ஒளியை மட்டுமே தடுக்கும். புகையை வெளியேற்ற உறிஞ்சுவிசிறியும், மூச்சுக்குத் தக்க முகக்கவசமும் தேவை.