கப்பலேறும் காரும் நாலு வார்த்தைகளும்

மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், மடுகரை

போன வருஷம் என் சித்தப்பா மகன் சென்னைப் பக்கம் ஒரு கார் யார்டில் காண்ட்ராக்ட் டிரைவராகச் சேர்ந்தான். இரண்டே மாதத்தில் சம்பளத்தில் பிடித்தம்! கேட்டால், "கதவுல சிராய்ப்பு இருந்துச்சுண்ணே, நான் பண்ணல. ஆனா வண்டி நல்லா இருக்குன்னு தாள்ல கையெழுத்துப் போட்டுட்டேன்" என்கிறான். அது என்ன தாள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம்மில் பாதிப்பேர் போகப்போவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தானே!

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. அந்த வட்டாரத்துக் கார்கள் சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம் வழியாக வெளிநாடு போகின்றன. கிரேன் வைத்துத் தூக்குவதில்லை. கப்பலின் பின்பக்கம் சாய்தளம் ஒன்றை இறக்குவார்கள், டிரைவர்கள் வரிசையாக ஓட்டி ஏற்றுவார்கள். இதற்குத்தான் 'ரோ-ரோ' என்று பெயர். ரோல் ஆன், ரோல் ஆஃப் - உருட்டி ஏற்று, உருட்டி இறக்கு! உள்ளே மாடி மாடியாகக் கார் நிற்கும். அலையில் நகராமல் இருக்க பெல்ட் போட்டுத் தளத்தோடு இறுக்குவதுதான் 'லாஷிங்'.

கூலியைப் பெரும்பாலும் எடையைப் பார்த்துப் போடுவதில்லை, கனமீட்டர் கணக்குதான். 4 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் என்றால் பெருக்கிப் பாருங்கள்: 10.2 கனமீட்டர். கூரையில் கேரியர் மாட்டினால் அதன் உயரமும் கணக்கில் சேரும். (முதலாண்டு கணக்கு வாத்தியார் இதைச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.)

அடுத்து 'எஃப்.ஓ.பி.', 'சி.ஐ.எஃப்.' நம்ம மடுகரைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கொஞ்சதூரம் நடந்தால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். அதே மண்தான், ஆனால் சட்டம் வேறு! கப்பல் வியாபாரத்திலும் அப்படி ஒரு கோடு உண்டு. எஃப்.ஓ.பி. என்றால், கார் கப்பலில் ஏறும்வரை நட்டம் விற்றவருக்கு, ஏறியபின் வாங்கியவருக்கு. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கூலியையும் இன்சூரன்சையும் விற்றவரே கட்டுவார். அதனால் போய்ச் சேரும்வரை பொறுப்பும் அவருடையதுதான் என்று நினைத்துவிடாதீர்கள்! பொறுப்பு இதிலும் கப்பலில் ஏறியதுமே கைமாறிவிடுகிறது. பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை 1936-ல் வகுத்த விதிகள் இவை. கடைசியாகத் திருத்தியது 2020-ல்.

சி.ஐ.எஃப்.-ல் கட்டாயமான இன்சூரன்ஸ் மிகக் குறைந்தபட்சம்தான். தீ, கப்பல் மூழ்குதல் போன்ற பெரிய ஆபத்துகளுக்கு உண்டு. 2022-ல் 'ஃபெலிசிட்டி ஏஸ்' கப்பல் தீப்பிடித்து, சுமார் 4000 கார்களோடு அட்லாண்டிக்கில் மூழ்கியதே, அந்த மாதிரி. சாதாரணச் சிராய்ப்புக்கு அதில் காசு வராது. அப்போ சிராய்ப்புக்கு யார் தருவது? அங்கேதான் தாள் வருகிறது.

கப்பல்காரர் தரும் ரசீது 'பில் ஆஃப் லேடிங்'. சரக்கு வாங்கியதற்குச் சாட்சியும் அதுதான், சரக்கின் உரிமைப் பத்திரமும் அதுதான். நம் நாட்டில் இதற்கு 1856 சட்டம் ஒன்று இருந்தது, 2025-ல் புதுச்சட்டம் வந்தது. பழுது எதுவும் குறிக்காத ரசீது 'கிளீன்'. "இடது கதவில் கீறல்" என்று எழுதிவிட்டால் அது கிளீன் இல்லை. பாங்கில் பணம் வாங்குவது சிக்கலாகிவிடும். அதனால் கீறல் எங்கே விழுந்தது என்று ஒவ்வொருவரும் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள். தொழிற்சாலை, லாரி, யார்டு, கப்பல் என்று கைமாறும் இடத்தில் எல்லாம் ஒரு சோதனைத் தாள் உண்டு. கடைசியாக "நன்று" என்று கையெழுத்துப் போட்டவன் தலையில் விழுகிறது. தம்பி போட்டது அந்தக் கையெழுத்துதான். அதுவும் ராத்திரி ஷிப்டில், பாதி வெளிச்சத்தில்!

இப்போது அவன் பையில் டார்ச் லைட் வைத்திருக்கிறான். கீறல் இருந்தால் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. சூப்பர்வைசர் முறைக்கிறாராம். பிடித்த பணம் மட்டும் இன்னும் வரவில்லை.