கூட்டமில்லாத குளத்தில் விரால்: சங்கரன்கோவில் பக்கம் தேடுவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குளத்துத் தண்ணீர் தெளிய ஆரம்பித்தால் போதும். ராடு, ரீல், ரப்பர் தவளை சகிதம் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் நம்ம பசங்க. பிரச்னை என்னன்னா, எல்லாரும் போவது ரோட்டோரத்தில் கண்ணில் படும் அதே நாலு குளத்துக்குத்தான். தினமும் பத்துப் பேர் தூண்டில் வீசும் இடத்தில் விரால் உஷாராகிவிடும். நாள் முழுக்க வீசியும் கை வலிதான் மிச்சம்.

வட அமெரிக்காவில் இதே கதை ‘மஸ்கி’ என்ற மீனுக்கு உண்டு. பத்தாயிரம் தடவை வீசினால்தான் ஒன்று மாட்டும் என்று அங்கே சொல்வார்கள். அதனால் அனுபவசாலிகள் பேர்போன ஏரிகளை விட்டுவிட்டு, வரைபடத்தையும் எந்த ஏரியில் அரசு குஞ்சு விட்டது என்ற பட்டியலையும் வைத்துக்கொண்டு, கூட்டமில்லாத ஏரியைத் தேடிப் போகிறார்கள். நம்ம ஊர் விராலும் மஸ்கி மாதிரி பதுங்கியிருந்து பாய்கிற ஜாதி. தேடும் வழியும் ஏறக்குறைய அதேதான்.

விரால் எங்கே தங்கும்?

முதலில் மீனைப் புரிந்துகொள்ள வேண்டும். விரால் செவுளால் மட்டுமல்ல, மேலே வந்து காற்றைக் குடித்தும் மூச்சுவிடும். அதனால் கெண்டை திணறிச் சாகிற சேற்றுத் தண்ணீரிலும் அது பிழைத்துக் கிடக்கும். ஈரம் இருந்தால் தரையில் நெளிந்து பக்கத்துப் பள்ளத்துக்கும் போகும். ஆகவே குளம் பெரிசா, சின்னதா என்பது முக்கியமில்லை. மே மாதத்தில் அந்தக் குளத்தில் ஒரு மடுவாவது மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. அப்படி மிஞ்சினால் பழைய பெரிய மீன் அடுத்த மழைக்கும் உயிரோடு இருக்கும். மொத்தமாக வறண்டு வெடித்துப் போகும் குளத்தில், வாய்க்கால் வழியாகப் புதிதாக ஏறிவரும் சின்ன மீன்களைத்தான் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியும்.

இந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே பாதி விடை கிடைத்துவிடும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரே குளத்தை மார்கழியிலும் சித்திரையிலும் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் புதிய படம் வேண்டுமென்றால் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். சுமார் 5 நாளுக்கு ஒருமுறை படம் வரும். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் வெளியிட்டிருக்கும் உலக மேற்பரப்பு நீர் வரைபடம் இன்னொரு புதையல். 1984-ல் இருந்து எடுத்த லேண்ட்சாட் படங்களை அடுக்கி, எந்த இடத்தில் எத்தனை சதவீத நேரம் தண்ணீர் நின்றது என்று நிறத்தில் காட்டுகிறது. குளத்தின் நடுவில் ஒரு மூலை மட்டும் அடர் நீலமாகத் தெரிந்தால் அதுதான் மடு. தூண்டிலை எங்கே போடுவது என்பதுவரை இந்தப் படமே சொல்லிவிடும்.

தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருது?

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட குளங்கள், ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு. பெரும்பாலானவை தனித்தனி இல்லை, சங்கிலி. மேல் குளம் மறுகால் பாய்ந்தால்தான் கீழ் குளத்துக்குத் தண்ணீர் வரும். மறுகால் ஓடும்போது மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறும் என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். எனவே ஒரு பெரிய குளத்தில் விரால் இருக்கிறது என்று தெரிந்தால், அதன் மறுகால் வாய்க்காலைப் படத்தில் விரல் வைத்துப் பின்தொடருங்கள். அது போய்ச் சேரும் அடுத்த குளத்துக்கு நல்ல ரோடு இல்லையென்றால், கூட்டமும் இருக்காது.

ஊர்ப் பெயரும் துப்புக் கொடுக்கும். குருவிகுளம், களப்பாகுளம் என்று குளம் பெயரிலேயே இருக்கிறது. பேரி என்று முடிந்தாலும் ஏரிதான். இளையரசனேந்தலில் வரும் ‘ஏந்தல்’ என்பதும் ஒருவகைக் குளத்தைக் குறிக்கும் சொல். ஏந்தல் பொதுவாக ஆழம் குறைந்தது, கோடை தாங்குவது கஷ்டம்.

சங்கரன்கோவிலுக்கு மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கம் மலை ஓடைகளின் தண்ணீர் கிடைக்கிறது. கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் கரிசல் பூமி, மழையை நம்பிய மானாவாரிக் காடு. அங்கே குளத்துத் தண்ணீர் டீ மாதிரி கலங்கியே கிடக்கும். அந்தக் கலங்கலில் விராலுக்குப் பார்வையைவிட அதிர்வுதான் உதவும். தண்ணீரை அடித்துச் சத்தம் எழுப்பும் கறுப்புத் தவளைக்கு அங்கே வேலை இருக்கிறது. நதி என்று தேடினால் கரிவலம்வந்தநல்லூர் வழியாகப் போய் வைப்பாற்றில் சேரும் நிட்சேப நதி இருக்கிறது. ஆண்டில் பாதி நாள் மணல்தான். மழைக்குப் பிறகு தடுப்பணைக்குக் கீழே தேங்கும் பள்ளங்களைப் பார்க்கலாம்.

இதில் ஒரு கசப்பான விஷயமும் உண்டு. மீன்பிடிக்கிறவர் கண்ணில் படாத குளங்களில் பல, அதிகாரிகள் கண்ணிலும் படாதவை. வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பு, உள்ளே சீமைக் கருவேலம், தூர்ந்துபோன மடை. செண்பகவல்லி அணை உடைந்து பல பத்தாண்டுகள் ஆகியும், அதைச் சீரமைக்கக் கேட்டு வாசுதேவநல்லூர், சிவகிரி, சங்கரன்கோவில் விவசாயிகள் இன்னும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவது எல்லாம் தாமரை இல்லை. பாதி இடத்தில் அது கருவேலங்காடு.

போனதும் வீசலாமா?

கூடாது. குளம் அநாதையாகத் தெரியும், ஆனால் மீன்பாசி குத்தகை யாராவது எடுத்திருப்பார்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளங்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளவை உள்ளாட்சியிடமும் இருக்கும். குத்தகைக்காரர் கடன் வாங்கி கட்லா, ரோகு குஞ்சு விட்டிருப்பார். தண்ணீர் வற்றும்போது வலை போட்டால்தான் அவருக்கு அந்த வருஷக் காசு. வெளியூர் பையன் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ராடோடு வந்து நின்றால் அவருக்கு எப்படி இருக்கும்? பஞ்சாயத்து ஆபீஸில் குத்தகை யார் பெயரில் என்று கேளுங்கள். நேரில் போய், “அண்ணாச்சி, விரால் மட்டும் பிடிச்சிக்கிடட்டுமா, கெண்டையைத் தொட மாட்டோம்” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் சம்மதிப்பார்கள், ஏன்னா விட்ட குஞ்சைத் தின்பதே விரால்தானே! முடியாது என்று சொன்னால் வண்டியைத் திருப்பிவிட வேண்டியதுதான். வெடி, விஷம் பற்றிப் பேச்சே வேண்டாம். 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே இரண்டுக்கும் தடை இருக்கிறது.

தண்ணீரில் ஒரு இடம் மட்டும் கொதிக்கிற மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து போனால், அங்கே வீசாதீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சைக் காக்கும் வெறியில் எதை வீசினாலும் பாயும் என்பதால், அது ரொம்பச் சுலபமான மீன். ஆனால் காவல் போய்விட்டால் அத்தனை குஞ்சும் அன்றைக்கே கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் இரை. சின்னக் குளத்தில் இப்படி நாலு ஜோடியைத் தூக்கினால், ரெண்டு வருஷத்தில் அங்கே ஜிலேபி மட்டும்தான் மிச்சமிருக்கும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீனுக்குப் பெருகச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

இதே காரணத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையில் ‘இந்தக் குளத்துக்குப் போங்க’ என்று ஒரு குளத்தையும் சொல்லவில்லை. மீனோடு எடுத்த போட்டோவை லொக்கேஷனோடு ரீல்ஸ் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே முப்பது பைக் நிற்கும். கரை, பனைமரம், கோயில் கோபுரம் பின்னால் தெரிந்தாலே ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மண் அள்ளிய குளங்களில் இறங்கவே இறங்காதீர்கள். முழங்கால் தண்ணீர் என்று நினைத்து ஒரு அடி வைத்தால் அடுத்தது ஆள் மூழ்கும் குழியாக இருக்கும். கோடையில் விரால் ஒதுங்குவதும் அதே குழிகளில்தான், அதனால்தான் ஆசை இழுக்கும். கரையில் நின்றே வீசுங்கள், தவளை முள்ளில் சிக்கினால் நரம்பை அறுத்துவிடுங்கள். மேற்கே மலையடிவாரத்தில் காட்டு எல்லைக்குள் ஓடும் ஓடைகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் போடக்கூடாது. எல்லை எங்கே தொடங்குகிறது என்பது சந்தேகமாக இருந்தால், பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.