எட்டில் மூன்று எங்கே போகிறது?

மட்டக்களப்பில் இருந்தபடி பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் கடைகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கும் ஒருவர், சிங்கப்பூரில் தனிச் சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் ஐ.பி. முகவரிகள் கேட்டால், எட்டு முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி கிடைக்கும். அதை /29 என்று குறிப்பார்கள். காசு எட்டுக்கும் கட்ட வேண்டும். பாவிக்கக் கிடைப்பது பெரும்பாலும் ஐந்துதான்.

விளக்கங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களில் ஒரு தொகுதியை எடுப்போம்: 203.0.113.40 முதல் 47 வரை. முதலாவதான 40, அந்த வலையமைப்பையே குறிக்கும் எண். கடைசியான 47, அங்குள்ள எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் அழைப்பதற்கு. இன்னொன்றைச் சேர்வரை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் ரவுட்டர் எடுத்துக்கொள்ளும். எட்டில் மூன்று என்றால் 37.5 சதவீதம். சிறிய வாடிக்கையாளருக்கு இது சின்ன இழப்பல்ல.

இது இயற்கை விதியும் அல்ல. 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. இயங்குதளம், எல்லோரையும் அழைப்பதற்கு மிகச் சிறிய எண்ணைப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டு வந்த நியமம் மிகப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தது. பழைய கணினிகள் குழம்பக் கூடாதென்று இரண்டையும் ஒதுக்கி வைத்தார்கள். அந்த ஒதுக்கீடு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நிலைத்துவிட்டது. 2021இல் வெளிவந்த லினக்ஸ் 5.14தான் சிறிய எண்ணைச் சாதாரண முகவரியாகப் பாவிக்க வழிவிட்டது.

ஆனால் எட்டையும் முழுதாகப் பெற அதைவிட நேரான வழி ஒன்று முன்பே இருக்கிறது. தொகுதி எப்படி இணைக்கப்படுகிறது என்பதில்தான் விடயம். வழக்கமான முறையில், பொதி ஒன்று வந்து அதற்குரியவர் யாரென்று தெரியாதபோது, ரவுட்டர் கம்பியில் உள்ள அனைவரையும் பார்த்து “42 யாரிடம்?” என்று கேட்கும், உரியவர் பதில் சொல்வார். தொகுதி இப்படிப் பொதுக் கம்பியில் வைக்கப்படுவதால்தான் வலையமைப்புக்கு ஓர் எண், பொது அழைப்புக்கு ஓர் எண் எல்லாம் ஒதுக்கப்படுகின்றன. மற்ற முறையில் ரவுட்டரின் அட்டவணையில் ஒரே ஒரு வரி இருக்கும்: 40 முதல் 47 வரை வருவதையெல்லாம் இந்தச் சேர்வரின் பிரதான முகவரிக்கு அனுப்பு. குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனும் மிதவையில் ஏற்றிவிட்ட சாமான், அக்கரையில் மண்டூரில் எந்த வீட்டுக்குப் போகும் என்பதை இக்கரை விசாரிப்பதில்லை அல்லவா, அதுபோல. உள்ளே பகிர்வது சேர்வரின் வேலை. பொதுக் கம்பி இல்லாததால் ஒதுக்கவும் எதுவும் இல்லை. லினக்ஸில் ‘இந்தத் தொகுதி முழுவதும் என்னுடையது’ என்று ஒரு வரி எழுதினால், எட்டு எண்களுக்கும் அது பதில் சொல்லும். உள்ளே மெய்நிகர்க் கணினிகள் ஓடினால், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியாக, அதாவது /32 ஆக, வழி காட்டினால் போதும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டும். நாம் இதுவரை பேசிய ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தம் 4,294,967,296தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரி 3இல் தீர்ந்தது. நமது பிராந்தியத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்து பங்கீட்டைத் தொடங்கியது. இப்போது புதிதாகச் சேரும் ஒரு நிறுவனத்துக்கு அங்கே அதிகபட்சம் 512 முகவரிகள். அதை 64 சிறு தொகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மூன்றை விட்டால் 192 வீண். நேரே வழிகாட்டினால் 512உம் மிஞ்சும். விலையும் ஏறியிருக்கிறது: 2024 பெப்ரவரி முதல் அமேசான் ஒரு பொது முகவரிக்கு மணிக்கு 0.005 டொலர் அறவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டொலர்.

இணைப்புகளிலும் இதே கணக்குத்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் வந்தாறுமூலையில். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில். இப்படி இரண்டு இடங்களைப் பொது முகவரிகளால் இணைப்பதென்றால், பழைய வழக்கப்படி நான்கு எண்கள் வேண்டும். பாவனைக்கு வருவது இரண்டு. 2000 டிசம்பரில் வந்த நியமம் ஒன்று, இரண்டு முனைகளுக்கு இரண்டே எண்கள் போதும் என்றது.

தளத்துக்கு ஒரு முகவரி என்று வாங்குவது மட்டும் வேண்டாம். ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்களை வைக்கலாம். உலாவி அனுப்பும் தளப்பெயரைக் கொண்டு சேர்வர் பிரித்தறியும். மின்னஞ்சல் வழங்கி, பெயர் வழங்கி, வாடிக்கையாளரின் மெய்நிகர்க் கணினி ஆகியவற்றுக்குத்தான் தனி எண் உண்மையில் பயன்படும். ஆறாம் பதிப்பில் இந்த நெருக்கடி இல்லை. பொது அழைப்பு முகவரி என்பதே அங்கு கிடையாது. ஆனால் நான்காம் பதிப்பை மட்டுமே அறிந்த வலையமைப்புகள் இன்னும் ஏராளம் என்பதால், இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டியிருக்கிறது.

எனவே சேர்வருக்குக் காசு கட்டும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: “இந்தத் தொகுதியை எனது பிரதான முகவரிக்கு ரவுட் செய்து தருவீர்களா, அல்லது உங்கள் ரவுட்டருடன் ஒரே கம்பியில் வைப்பீர்களா?” முதலாவதைச் செய்து தரும் நிறுவனங்கள் பல உண்டு. கேட்காதவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் கிடைக்கிறது.