மாறிவரும் மருத்துவரும் நம் குடும்பங்களும்

அரசு மருத்துவமனையை நம்பி வாழும் குடும்பங்களில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு: "சென்ற மாதம் பார்த்த டாக்டர் இப்போது இல்லை; புதியவர் வந்திருக்கிறார்." மர்பி டவுன் வாழ் தமிழன்பர்களுக்கும் இது புதிதன்று. மருத்துவர் மாறிக்கொண்டே இருப்பது ஏன்? அதனால் நோயாளிக்குக் கேடு உண்டா? உண்டாயின் நாம் செய்யத்தக்கது யாது? இம்மூன்று வினாக்களையும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

நிலையான மருத்துவர் இல்லாத இடத்தைச் சிறிது காலம் தாங்கி நிற்பவரை மேலைநாட்டார் 'லோகம் டெனென்ஸ்' என்பர். 'இடத்தைத் தாங்குபவர்' என்பதே அந்த லத்தீன் தொடரின் பொருள். விடுப்பில் சென்றவருக்குப் பதிலாக வருபவர், காலியிடத்தில் ஒப்பந்தத்தின்மேல் அமர்த்தப்படுபவர், நோய் பெருகும் காலத்தில் அவசரமாகத் திரட்டப்படுபவர் எனப் பலரையும் நாம் 'தற்காலிக டாக்டர்' என்றே அழைக்கிறோம்.

நம் நகரத்துக்கு இது பழைய வரலாறு. 1898 ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. நகரமும் கன்டோன்மென்டும் ஒருங்கே கலங்கின. அந்நாளில் பிளேக் பணியில் இறங்கி உழைத்தவர்களுள் டாக்டர் பல்பு குறிப்பிடத்தக்கவர். 1863 இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவருக்குத் திருவிதாங்கூர் அரசு சாதியின் பெயரால் வேலை மறுத்தது. மைசூர் அரசு ஏற்றுக்கொண்டது. பிறந்த மண் புறக்கணித்த மருத்துவர், பிழைக்க வந்த மண்ணின் துயர் துடைத்தார். அவரைப்போலவே பிழைப்புத் தேடி வந்தோரின் வழிவந்த நாம் மறக்கலாகாத செய்தி இது.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். 2005 இல் தொடங்கிய ஊரக நலவாழ்வுத் திட்டம் 2013 இல் நகரங்களையும் சேர்த்துத் தேசிய நலவாழ்வுத் திட்டமாக விரிந்தது. இதன்கீழ் மருத்துவரும் செவிலியரும் பெரும்பாலும் ஒப்பந்தத்தின்மேல் அமர்த்தப்படுகின்றனர். 2022 டிசம்பரில் கர்நாடகத்தில் தொடங்கப்பட்ட 'நம்ம கிளினிக்' திட்டமும் இத்தகையதே. மாநிலத்தில் 438, அவற்றுள் பெங்களூரில் அன்றைய மாநகராட்சியின் வட்டத்துக்கு ஒன்றாக 243 எனத் திட்டமிட்டனர். ஒரு கிளினிக்குக்கு ஒரே மருத்துவர். இளம் மருத்துவர் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் செல்வது இயல்பு. அவர் சென்ற மறுநாள் அந்த நாற்காலி காலி.

மற்றொரு காரணம் சட்டம். மருத்துவப் படிப்பு முடித்தவர் ஓராண்டு அரசுப் பணி செய்தல் வேண்டும் என்னும் கர்நாடகச் சட்டம் 2012 இல் இயற்றப்பெற்று, 2015 இல் நடைமுறைக்கு வந்தது. 2023 இல், காலியிடங்களின் அளவுக்கே அப்பணியைக் கோரலாம் என்னும் திருத்தம் வந்தது. ஓராண்டு முடிந்தவர் விடைபெறுவார், அடுத்தவர் வருவார். பவுரிங் போன்று மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர் துறைக்குத் துறை மாறுவதும் பயிற்சியின் பகுதியே. தாய்த்தமிழகத்திலும் நிலை வேறன்று. '10 (அ) (1)' என்னும் விதியின்கீழ் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட மருத்துவர் பலர் ஆண்டுக்கணக்கில் நிரந்தரத்துக்குக் காத்திருந்த கதையை உறவினர் வாயிலாக நம்மில் பலர் அறிவோம்.

தற்காலிக மருத்துவர் என்றால் தரம் குறைந்தவரா? அமெரிக்காவில் 2009 முதல் 2014 வரை மருத்துவமனையில் சேர்ந்த முதியோர் சுமார் 18 லட்சம் சேர்க்கைகளை ஆராய்ந்து 2017 இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. முப்பது நாட்களுக்குள் இறந்தோர், தற்காலிக மருத்துவரிடம் நூற்றுக்கு 8.83, நிலையான மருத்துவரிடம் 8.70. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே அறிஞர் முடிவு கூறினர். ஆயினும், தற்காலிக மருத்துவரை அரிதாக அமர்த்தும் மருத்துவமனைகளில் அவரிடம் சிகிச்சை பெற்றோரின் இறப்பு மிகுந்திருந்தது. புதியவரை வரவேற்று வழிகாட்டப் பழகாத இடத்தில் அவர் தடுமாறுகிறார் என்று நாம் இதனை உணரலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஒரே மருத்துவரை நெடுநாள் காண்பது பற்றிய 22 ஆய்வுகளை 2018 இல் ஒருங்கே நோக்கியபோது, அவற்றுள் 18 இல் இறப்பு குறைந்திருக்கக் கண்டனர். எனவே குறை மருத்துவரிடம் இல்லை. இடையில் அறுந்துபோகும் தொடர்ச்சியிலேயே உள்ளது.

இத்தொடர்ச்சியைக் காப்பதில் நம் பங்கு பெரிது. சர்க்கரை நோயாளி, இரத்த அழுத்தம் உடையவர், ஆறு திங்கள் மருந்துண்ணும் காசநோயாளி ஆகியோர் வீட்டில் ஒரு தனி நோட்டுப் புத்தகம் வேண்டும். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், இரத்தப் பரிசோதனை முடிவு, பெனிசிலின் போன்ற ஒவ்வாத மருந்து ஆகியவற்றை அதில் எழுதுக. பழைய சீட்டுகளைக் கிழித்தெறியலாகாது. தாமே பழைய மருந்தை நிறுத்தலும், இரு டாக்டர் எழுதிய மருந்துகளைச் சேர்த்துண்ணலும் தீங்கு. மருந்துச்சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருத்தல் வேண்டும் என்பது 2002 ஆம் ஆண்டின் விதி. அதனைப் பணிவுடன் கேட்பதில் குற்றமில்லை.

மொழியும் ஒரு தடை. புதிதாய் வந்தவர் தமிழ் அறியாதவராக இருக்கலாம். முதியவரைத் தனியே அனுப்பாது, கன்னடமோ ஆங்கிலமோ பேசவல்ல பிள்ளை ஒருவரை உடன் அனுப்புக. மூத்தோரும் வலி, காய்ச்சல், மயக்கம் போன்றவற்றுக்கான கன்னடச் சொற்களையேனும் அறிந்திருத்தல் நலம். நம்மை வாழ வைக்கும் நாட்டின் மொழி அது.

மருத்துவர் பக்கமும் நியாயம் உண்டு. 2020 ஜூலையில், கொரோனா நோய் பரவிய நாளில், கர்நாடகத்தின் ஒப்பந்த மருத்துவர்கள் பதவி விலகப்போவதாக அறிவித்த பிறகே, அவர்தம் திங்கள் ஊதியத்தை 45,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாயாக உயர்த்த அரசு இசைந்தது. ஆபத்துக் காலத்தில் அழைத்து, ஆபத்து நீங்கியபின் மறப்பது முறையன்று. நிரந்தரப் பணியிடங்களைக் காலத்தோடு நிரப்புதலே தீர்வு. வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் குடிநீரும் கேட்கும் நாம், "எங்கள் கிளினிக்கில் டாக்டர் நிலைத்திருக்க என்ன செய்வீர்?" என்றும் கேட்டல் வேண்டும்.

அதுவரை, புதிதாய் வரும் மருத்துவரை அன்போடு வரவேற்போம். நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுப்போம். இத்திங்களே ஒவ்வொரு வீட்டிலும் அப்புத்தகம் தொடங்கப்பெறுக.